காப்பு கட்டிவிட்டால் கேள்வி கிடையாது

1

இந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கொஞ்சம் படிப்பதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தால் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஏழுமலை என்று இதில் வரும் என் பெயரும் வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான்; பாஸ்போர்ட்டில் வேறு இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பியபோது நான் இப்படிப்பட்ட ஆள் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சம்பளம் முதல் ஜாதகம் வரை ஒப்பித்துவிடுகிற ரகம். இந்த நாடு பக்கத்து நாட்டுக்குள் படையை அனுப்பிய பிறகுதான், யார் என்ன கேட்டாலும் 'இவன் எதற்குக் கேட்கிறான்' என்று முதலில் யோசிக்கிற பழக்கம் வந்தது.

இப்போது எழுத உட்காரவைத்தது என் மகள். யாழினிக்கு ஏழு வயது. கோடை விடுமுறையில், வேலைக்குப் போகிற பெற்றோரின் பிள்ளைகளுக்காகப் பள்ளியிலேயே பகல் வகுப்பு நடத்துகிறார்கள். அங்கே எல்லோரும் முகம் தெரியாத ஒரு படைவீரருக்கு வாழ்த்து அட்டை செய்தார்கள். இவள் ஒரு டாங்கி வரைந்து, அதன் பின்னால் தனக்குத் தெரிந்த ஒரே மலையையும் வரைந்திருக்கிறாள். திருவண்ணாமலை. உச்சியில் தீபம். டீச்சருக்கு அது தீபம் என்று எப்படித் தெரியும்? எதிரியின் மலை பற்றி எரிகிறது என்று நினைத்து, பிரமாதம் என்று பாராட்டி, வகுப்பு வாசலில் ஒட்டிவிட்டார்.

சாயங்காலம் அழைத்துவரப் போன நான் அதைப் பார்த்தபடி நின்றேன்.

"நல்லா இருக்காப்பா?"

"நல்லா இருக்கு கண்ணு. இது நம்ம ஊர் தீபம்னு டீச்சர்கிட்ட சொல்லலியா?"

"சொல்ல வந்தேன். அதுக்குள்ள எல்லாரும் கை தட்டிட்டாங்க."

வழியில் அவளே ஆரம்பித்தாள். "அவங்க நம்மள அடிக்க வரதுக்கு இருந்தாங்களாம்ப்பா. அதுக்கு முன்னாடி நாம போயிட்டோமாம்."

"நாமன்னா யாரு?"

கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். "நாமதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து என் மனைவி செல்வியிடம் சொன்னேன். அவள் பதில் சொல்வதற்கு முன் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். இந்த மாதிரிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் தண்ணீர் ஓடும். இங்கே சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டு அம்மாள் நல்லவர்தான், ஆனால் நல்லவர்களும் புகார் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம்.

"போய் விளக்கம் கிளக்கம் சொல்லிட்டு வராத. தீபமோ குண்டோ, ஒட்டினது ஒட்டினதா இருக்கட்டும்" என்றாள் செல்வி.

நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. நம் மலை இன்னமும் அந்த வாசலில் எரிந்துகொண்டிருக்கிறது.

2

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அப்பாவும் அம்மாவும் கடலைக்காய் பிடுங்கவும் நாற்று நடவும் போனவர்கள். கல்லூரி படிக்கும்போது செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடையில் வேலை பார்த்தேன். அங்கே வந்து போகிற வெளிநாட்டுக்காரர்களில் இந்த நாட்டுக்காரர்கள் நிறைய. அதில் தீமா என்று ஒருவன், என் வயதுதான், தியானத்துக்கு வந்தவன், எனக்கு அவன் மொழியைச் சொல்லிக்கொடுத்தான். பதிலுக்கு நான் அவனுக்கு லுங்கி கட்டக் கற்றுக்கொடுத்தேன். யார் கெட்டிக்காரன் என்பது அவன் ஒரு கையால் லுங்கியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்துபோவதைப் பார்த்தாலே தெரியும்.

அந்த மொழிதான் என்னை இங்கே கொண்டுவந்தது. தேயிலை இறக்குமதி செய்கிற ஒரு கம்பெனியில் கிடங்குப் பொறுப்பு. விசா, வாடகை வீடு, பிறகு கல்யாணம், யாழினி. ஊரில் அம்மா என்னைப் பற்றிப் பேசும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேசுவார் என்று தங்கை சொல்வாள்.

படை கிளம்பிய புதிதில், லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி, குடியிருப்புப் பதிவைப் புதுப்பிக்க அலுவலகம் போயிருந்தேன். ஏன் தாமதமாக வந்தாய் என்று கேட்டார் அங்கே மேஜையில் இருந்த அம்மாள். "போர் தொடங்கினதால் விமானம் கிடைக்கவில்லை" என்றேன். அவர் கை அப்படியே நின்றது. என் பின்னால் வரிசையில் நின்றவர்களின் செருமல்கூட நின்றது. அவர் என்னைப் பார்க்காமல், மெதுவாக, "விமானம் கிடைக்கவில்லை" என்று மட்டும் திருப்பிச் சொல்லி அதையே எழுதிக்கொண்டார். அன்று அந்த அம்மாள் என்னைக் காப்பாற்றினாரா, இல்லை எங்காவது குறித்துவைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்த முதல் சொல்லை வீட்டுக்கு வெளியே நான் சொன்னதில்லை. இந்த நாட்டுத் தலைவர் அதற்கு வேறு ஒரு பெயர் வைத்திருக்கிறார். ஏதோ ஆபரேஷன் தியேட்டரில் நடக்கிற காரியம் மாதிரி சுத்தமான பெயர்.

தீமா இப்போது திருவண்ணாமலையில்தான் இருக்கிறான். படை கிளம்பிய சில வாரத்தில் எனக்கு எழுதினான். "ஏழுமலை, ஊரில் ஒரு அறை வேண்டும். எவ்வளவு நாள் என்று கேட்காதே." படைக்குப் பிடிப்பார்களோ என்று பயந்து கிளம்புகிறான் என்று நானே புரிந்துகொண்டேன். என் தங்கை கணவன் சதீஷ் எங்கள் ஊர்க்காரன்தான், திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறான், அவனிடம் சொல்லி அறை பார்த்துக்கொடுத்தேன். தீமாவுக்கு எங்கே போவதானாலும் சதீஷின் ஆட்டோதான்.

3

ஆடி மாதம் பிறந்ததும் தங்கை ரேவதி வாட்ஸப்பில் கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அண்ணா, இன்னா விசயம் சொல்லு பாக்கலாம்? உன் மாப்ள அங்க வராரு!"

"எங்க?"

"உன் ஊருக்குத்தாண்ணா. வேங்கிக்கால்ல ஒரு ஏஜென்ட். எல்லாம் முடிஞ்சிபோச்சி. உனக்கு ஷாக் குடுக்கலாம்னு சொல்லாம இருந்தோம்."

சதீஷ் போனை வாங்கினான். "மச்சான், ஆர்மி கேம்ப்ல கிச்சன் ஹெல்ப்பர். வெங்காயம் உரிக்கணும், பாத்திரம் தூக்கணும், அவ்ளோதான். சண்ட நடக்கற எடத்துக்கும் அதுக்கும் ரொம்ப தூரமாம். ஒரு வருசம் இருந்துட்டு வந்தா ஆட்டோவ வித்துட்டு சொந்தமா ஒரு கார் எடுத்துடலாம். அங்க போய்தான் அக்ரிமென்ட்ல கையெழுத்து."

கேட்டதும் நான் பயந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். எங்கள் கிடங்கில் பிரேம் என்று ஒருவர் வேலை செய்தார். நமக்குப் பக்கத்து நாட்டுக்காரர், நாற்பது வயது, மதியச் சாப்பாட்டுக்கு எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து எனக்கும் வைப்பார். அவரையும் இதே சமையல் கூட வேலை என்றுதான் கூட்டிப்போனார்கள். இதே 'ரொம்ப தூரம்'தான். போன புதிதில் ஒரு முறை பேசினார். துப்பாக்கி பிடிக்கச் சொல்லித்தருகிறார்கள், சும்மா ஒரு வழக்கத்துக்காக என்றார். அதற்குப் பிறகு போன் அணைந்தது. அவர் மனைவி எனக்குக் கூப்பிட்டு இந்தியில் அழுகிறார். எனக்கு இந்தி சரியாக வராது, அழுகை மட்டும் புரிகிறது. மேலாளரிடம் விசாரித்தேன். "நீ அவனுக்கு உறவா? இல்லையென்றால் எதற்குக் கேட்கிறாய்?" என்றார். பிரேமின் ஊறுகாய் பாட்டில் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது.

இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? இங்கே ஒரு வார்த்தைக்காக ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள். என் போனை யாரும் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கேட்கிறார்கள் என்று நான் நம்பினால் போதாதா? வாய் தானாகக் கட்டிக்கொள்ளும்.

"சதீஷ், இப்ப வேணாம். கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன்.

"ஏன் மச்சான்?"

"அப்புறம் சொல்றேன்."

"இப்பவே சொல்லு மச்சான்."

"உன் பாசஞ்சர் தீமா இருக்கானே, அவன் ஏன் ஊருக்குத் திரும்பிப் போகலனு கேட்டுப் பாரு."

"அவன் சாமியாரு மச்சான்! காலைல கண்ண மூடினா மதியம் தொறக்கறான். அவனுக்கு ஊராவது ஒண்ணாவது."

ரேவதி போனைப் பிடுங்கினாள். சந்தோஷமெல்லாம் வடிந்திருந்தது. "ஏண்ணா, நீ மட்டும் ஃப்ளைட்ல போவணும், நீ மட்டும் ஃபாரின் சாக்லேட் அனுப்பணும். என் புருசன் வந்தா உன் மவுசு கம்மியாயிடுமா?"

அவளுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. காரணம் சொல்லாமல் 'வேண்டாம்' என்கிறவனை நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

4

'இப்ப வேணாம், கொஞ்ச நாள் போகட்டும்.' போனை வைத்த பிறகும் என் குரல் காதிலேயே நின்றது. இந்த வாக்கியத்தை நான் சிறுவயதில் இன்னொருவர் வாயில் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கும் ஊருக்கும் ஒருவரே தலைவராக இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எவ்வளவு காலமாகத் தலைவர் என்று யாருக்கும் ஞாபகமில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு பஸ் கண்டக்டர், எங்கள் ஊர்க்காரர்தான், ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "இந்த வருசம் வேற யாருனா இருந்து பாக்கட்டுமே. சீட்டுப் போட்டு எடுக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பத்துப் பேர் தலையாட்டினார்கள். தலைவர் கோபப்படவில்லை. "ஆவட்டும். இப்ப வேணாம், கொஞ்ச நாள் போவட்டும். திருவிழா முடியட்டும்" என்றார். அடுத்த செவ்வாயே காப்பு கட்டினார்.

காப்பு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருவிழாவுக்கு முன் அம்மனுக்கு மஞ்சள் துண்டு வைத்து நூல் கட்டுவார்கள். எங்கள் ஊர் வழக்கத்தில், கட்டிவிட்டால் திருவிழா முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் ஊருக்குள் பழைய சண்டையை எடுக்கக்கூடாது, பஞ்சாயத்துப் பேசக்கூடாது. தீ மிதிக்கிறவர்கள் தங்கள் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வார்கள். அவர்கள் ஊர் எல்லையையே தாண்டக்கூடாது. நல்ல வழக்கம்தான், அண்ணன் தம்பிகூட அந்த நாட்களில் முறைத்துக்கொள்ள மாட்டார்கள்.

காப்புக்குப் பிறகு கண்டக்டரின் கேள்வி வாயிலேயே நின்றது. ஆனால் திருவிழா எப்படியும் முடியும், கேள்வி திரும்ப வரும். தலைவருக்கும் அது தெரியும். ஆகவே டீக்கடையில் மெதுவாக ஒரு பேச்சு கிளம்பியது. அம்மன் ஊர்வலம் முன்னொரு காலத்தில் மேற்கே பக்கத்து ஊரின் பெரிய தெரு வழியாகப் போனதாம், அவர்கள் அதை மறித்துவிட்டார்களாம். என் அப்பாவுக்கோ அவர் வயதுக்காரர்களுக்கோ அப்படி ஒன்று நினைவில் இல்லை. ஆனால் தினம் கேட்டால் நினைவு வந்துவிடுகிறது.

ஒவ்வொரு நாளும் அவர் காரணத்தை மாற்றினார். முதலில், "நம்ம ஆத்தாள அவமானப்படுத்திட்டானுங்க." ஆத்திரம் போதவில்லை என்றதும், "அவனுங்க கத்தி கபடா சேர்க்கறானுங்களாம். நாம போவலனா அவனுங்க வந்துடுவானுங்க." பக்கத்து ஊரில் பெண் கொடுத்தவர்கள் தயங்கியபோது, "அந்த ஊரு ஜனம் நம்ம ஜனந்தான்ப்பா. அவங்க தலைவன்தான் கெட்டவன். அவன்கிட்டேருந்து நம்ம பொண்ணுங்கள மீட்கத்தான் போறோம்."

என் அப்பாவே கேட்டிருக்கிறார். "தலைவரே, காப்பு கட்டியிருக்குது, சண்ட போடலாமா?"

"ஊருக்குள்ளதான்யா போடக்கூடாது."

"தீ மிதிக்கற பசங்க கையில காப்பு இருக்குது. அவங்க எல்லையத் தாண்டலாமா?"

அதற்குத் தலைவர் சொன்ன பதிலை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். "அம்மன் முன்னாடி போறாய்யா. அம்மன் நிக்கிற எடந்தான் எல்லை."

எல்லையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து ஊர்த் தெருவில் கல்லும் தடியுமாக அரை நாள். அப்பாவின் முழங்கால் அன்று போனதுதான், இன்றும் கழிவறையில் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார். தலைவர் டீக்கடை தாண்டி வரவில்லை. முதல் தடியை எடுத்தது யார் தெரியுமா? அந்தக் கண்டக்டர். 'நீ அந்த ஊர் ஆளா?' என்று அவரைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். இல்லை என்று காட்டுவதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை. தலை உடைந்து போலீஸ் கேஸில் அலைந்தார். பிறகு தலைவரே ஜாமீனுக்கு ஆள் பிடித்துக்கொடுத்தார். கண்டக்டர் அவர் காலில் விழுந்தார்.

சாகிற வரைக்கும் அவர்தான் தலைவர்.

5

ஊர் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு: உங்க ஆளு எதுக்குடா சண்டைக்குப் போனான், பைத்தியமா? நிலத்துக்காகவா, எண்ணெய்க்காகவா? பைத்தியம் என்கிற பதிலை நான் நம்புவதில்லை. அது நமக்கு வசதியான பதில். பைத்தியத்துக்கு ஊரில் யாரும் பொறுப்பில்லை அல்லவா?

நான் படித்த படிப்புக்குப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் வராது. இங்கே தொலைக்காட்சியில் தலைவர் பேசும்போது எங்கள் ஊர் டீக்கடைதான் கேட்கிறது. முதல் வாரம் அவமானம் என்றார். அடுத்து, நாம் முந்தாவிட்டால் அவர்கள் முந்திவிடுவார்கள். அப்புறம், அந்த மக்கள் நம் மக்கள், மீட்கப் போகிறோம். இப்போது கடைசியாக வந்திருப்பது, இவ்வளவு பேர் செத்த பிறகு நிறுத்தினால் செத்தவர்களுக்குத் துரோகம். இதுதான் எல்லாவற்றிலும் மோசம். முதல் மூன்றையும் பொய் என்று நிரூபிக்கலாம். இது அப்படியில்லை. பிணம் கூடக் கூடக் காரணமும் பெரிதாகிறது.

ஒரு காரணம் உண்மையாக இருந்தால் எதற்கு இத்தனை முறை மாற்ற வேண்டும்? என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பலம் இருப்பதால் சண்டைக்குப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குள் ஒருவன் எழுந்து, 'இன்னும் எத்தனை காலம் நீ?' என்று கேட்டிருப்பான். அவனை உள்ளே தூக்கிப்போட்டிருப்பார்கள். ஆனாலும் கேள்வி காற்றில் இருந்திருக்கும். சண்டை வந்துவிட்டால் அந்தக் கேள்விக்குக் காப்பு. அதன் பிறகு கேட்பவன் எதிராளியின் ஆள். அவனே தன்னை நிரூபிக்க முதல் தடியை எடுப்பான்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர்த் தலைவர் ஒரு மணி நேரத்தில் பக்கத்து ஊர் பணிந்துவிடும் என்று நிஜமாகவே நம்பினார். சுற்றி இருந்தவர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பல வருடமாக அவர் காதுக்குப் பிடித்ததை மட்டும் சொல்லிப் பழகிய வாய்கள். ஆகவே இங்கே ஆள்கிறவர்கள் எல்லாவற்றையும் தெரிந்து பொய் சொல்கிறார்கள் என்பதையும் நான் முழுதாக நம்பவில்லை. பாதிப் பொய்யை இவர்களிடமே யாரோ விற்றிருக்கிறார்கள்.

கல்லூரி நண்பர்கள் வாட்ஸப் குழுவில் சிலர் இந்த நாட்டுத் தலைவர் குதிரையில் உட்கார்ந்த படத்தைப் போட்டு, 'நமக்கும் இப்படி ஒருத்தர் வேணும்டா' என்று எழுதுகிறார்கள். நான் பதில் போடுவதில்லை. யார் அதை எடுத்து எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாது. பாருங்கள், உங்களையும் நான் நம்புவதில்லை.

6

சதீஷின் டிக்கெட் வந்துவிட்டது. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு நடுவில் விழுந்த நாள். செல்வி குழாயைத் திறந்துவிட்டாள். நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, சதீஷ் வரக்கூடாது."

"இன்னாடா ஏழுமல, நீயும் தங்கச்சியும் சண்டயா? அவ ரெண்டு நாளா சோறு தின்னல."

"தீமா ஏன் அவன் ஊருக்குப் போகாம அங்கயே கெடக்கறான்னு யோசிச்சுப் பாரும்மா."

தீமா சில ஞாயிற்றுக்கிழமைகளில் சதீஷுடன் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவன். அம்மா யோசித்துச் சொன்னார்: "அந்தப் புள்ள, போன் அடிச்சா எடுக்காது. நம்ம வாசல்ல ஜீப்பு நின்னா பின்பக்கம் போயிடும். நான்கூட எதுனா திருடிட்டு வந்திருக்குமானு நெனச்சேன்... சரி. புரிஞ்சிபோச்சு. மேல பேசாத."

"எப்படியாவது நிறுத்தும்மா."

"நான் சொல்லி அவன் கேப்பானா? மாமியாக்காரி பேச்ச எந்த மாப்ள கேட்டான்?"

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "அவன் பேர்ல வேண்டிக்கிட்டேன்னு சொல்லு. தீ மிதிக்கணும்னு. காப்பு கட்டிட்டா அவன் எல்லை தாண்ட முடியாதில்ல?"

"வேண்டாமயே வேண்டிக்கிட்டேன்னு சொல்லவா? ஆத்தா பேர்ல பொய்யா?"

"ஆத்தா கனவுல வந்து கேட்டாள்னு சொல்லு. உசிரும்மா."

தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப பொய் இல்ல" என்றார் அம்மா. "கேட்டாப்லதான்."

அம்மா கோயிலில் பத்துப் பேர் முன்னால் வைத்துச் சொன்னார். மறுக்க சதீஷுக்கு வாய் வரவில்லை. பூசாரி அவன் மணிக்கட்டில் மஞ்சள் நூலைக் கட்டினார். எனக்கு ஏதோ பெரிய புத்திசாலி மாதிரி இருந்தது. செல்வி பாயசம் வைத்தாள்.

ஏஜென்ட் விடவில்லை. "இன்னாயா, நூலு கட்டினதுக்கு ஃப்ளைட்ட விடுவியா? அவுத்து ஆட்டோல வச்சிக்கினு வா" என்றிருக்கிறான். புறப்பட வேண்டிய நாள் காலையில் சதீஷ் பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பிவிட்டான். எல்லையில் வேப்பிலைத் தோரணத்தின் கீழே ஊர்ப் பையன்கள் மறித்தார்கள். காப்புக் கட்டினவன் தாண்டினால் ஊருக்கே ஆகாது என்று சாவியைப் பிடுங்கினார்கள். தள்ளுமுள்ளு. சட்டை கிழிந்து முழங்கை தேய்ந்தது. அவன் கூட ஏரியில் குளித்து வளர்ந்த பையன்கள்.

ரேவதி அழுதுகொண்டே கூப்பிட்டாள். "திருடன மாதிரி புடிச்சி ஊட்ல உக்கார வச்சிருக்கானுங்கண்ணா. வெளிய வந்தா நாலு பேரு பின்னாடியே வரானுங்க. உனக்கு இப்ப சந்தோசமா?"

"அவன் நல்லதுக்குத்தான் ரேவதி. இப்ப எதுவும் கேக்காத."

சொல்லிவிட்டு நானே அடங்கிப்போனேன். ஆத்தா கேட்டாள் என்றேன். உன்னைக் காப்பாற்றத்தான் என்றேன். இப்போது கேட்காதே என்றேன். என் பொய்க்கு வேறு யாரோ பையன்கள் எல்லையில் நின்று அடித்துக்கொண்டார்கள். நான் டீக்கடை தாண்டி வரவில்லை; குழாயைத் திறந்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். நான் செய்தது வேறு, அவர்கள் செய்தது வேறு என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். நல்ல வாதங்கள்தான். ஆனால் எல்லாத் தலைவரிடமும் நல்ல வாதம் இருக்கிறது.

7

விமானம் அவன் இல்லாமல் போனது. ஆனால் ஏஜென்ட் அடுத்த டிக்கெட் போடுவதாகச் சொல்லியிருந்தான். பாஸ்போர்ட்டும் அவனிடம்தான் இருந்தது. தீமிதி முடிந்தால் நூல் அவிழும். அவிழ்ந்தால் சதீஷ் கிளம்புவான், இந்த முறை என்மேல் உள்ள கோபத்துக்காகவே கிளம்புவான். இன்னொரு கனவை அம்மாவால் காண முடியாது.

நூல் அவிழ்ப்பதற்கு முந்தின சாயங்காலம் நான் சதீஷைக் கூப்பிட்டேன். இங்கே ஜன்னலில் இன்னும் வெயில். செல்வி வழக்கம்போல எழுந்து குழாயைத் திறந்தாள். யாழினி தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு மச்சான்." கட்டையான குரல்.

"அம்மா கனவு கண்டதுனு சொன்னது பொய். நான் சொல்லச் சொன்னேன்."

"தெரியும். உங்க அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. காப்புக் கட்டும்போது என் மூஞ்சியவே பாக்கல."

"இங்க நடக்கறது போர், சதீஷ்."

செல்வி திரும்பிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. பிரேமைப் பற்றிச் சொன்னேன். ஊறுகாய் பாட்டிலைச் சொன்னேன். அவர் மனைவி அழுவதை, மேலாளர் சொன்னதை, துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததை. சமையல் கூடம் என்று கூட்டிப்போய் எங்கே நிறுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன். "இதெல்லாம் போன்ல சொல்லக்கூடாது. பயந்துகிட்டு இருந்தேன். இப்ப நீ என்ன வேணா கேளு. கேட்டுட்டு, அப்புறமும் வரணும்னா வா. நான் தடுக்க மாட்டேன்."

அவன் கேட்டான். நிறையக் கேட்டான். ஏஜென்ட் அனுப்பின மற்றவர்களுக்கு என்ன ஆச்சு, உனக்கு எப்படித் தெரியும், பிரேமைத் தவிர வேறு யாராவது உண்டா, நீ சும்மா பயமுறுத்தவில்லையே? என்னை முழுதாக நம்பாமல்தான் கேட்டான். அது எனக்குப் பிடித்திருந்தது.

"தீமாவக் கேட்டேன் மச்சான்" என்றான் கடைசியில். "நேத்து தோரணம் வரைக்கும் வந்து என்னப் பாத்தான். எல்லைக்கு அந்தாண்ட அவன், இந்தாண்ட நான். ஏன் ஊருக்குப் போவலனு கேட்டேன். என் கைய புடிச்சி இந்த நூலயே பாத்துக்கினு இருந்தான். ஒண்ணும் சொல்லல. கண்ணுல தண்ணி. தியானம் பண்றவன் ஏன் அழுறான்னு யோசிச்சிக்கினே இருந்தேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இத நீ மொதல்லயே சொல்லியிருந்தா என் சட்ட கிழிஞ்சிருக்காது" என்றான். "நான் வரல மச்சான். நாளைக்கு அவுத்ததும் நேரா வேங்கிக்கால் போயி பாஸ்போர்ட்ட வாங்கிக்கறேன். குடுக்கலனா பக்கத்துலதான் கலெக்டர் ஆபீஸு. ரேவதியும் வராளாம், அவ வாய்க்கு அவனே குடுத்துடுவான்."

பின்னால் ரேவதி ஏதோ சொன்னாள். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. வைத்துவிடலாம் என்று இருந்தேன்.

"அப்பா" என்றாள் யாழினி, தலை தூக்காமல். "அந்த வார்த்தைய சொல்லக்கூடாதுனு டீச்சர் சொல்லியிருக்காங்க."

"ஏன் சொல்லக்கூடாதுனு கேட்டியா?"

"அதெல்லாம் கேக்கக்கூடாதுப்பா."

போனில் சதீஷும் அதைக் கேட்டிருக்க வேண்டும். "மச்சான், இன்னும் ஒண்ணு கேக்கலாமா?" என்றான்.

"கேளு."

"என்ன வராதன்ற. சரி. அப்ப நீ ஏன் அங்க இருக்க? என் தங்கச்சியும் பாப்பாவும் ஏன் அங்க இருக்காங்க?"

செல்வியை அவன் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"இப்ப வேணாம் சதீஷ்" என்று ஆரம்பித்தேன். "விசா இருக்கு, பாப்பாவோட பள்ளிக்கூடம் இருக்கு, கொஞ்ச நாள் போக—"

பாதியில் என் வாய் நின்றுவிட்டது.

சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தமும் நின்றிருந்தது. குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்று, அந்தப் பதிலுக்காகச் செல்வியும் காத்திருந்தாள்.